ஆனி மாதத்துக் கடல்

மாசிதான் சரி, மாசியை விட்டால் வேறு மாதமே கிடையாது என்று மங்கை அன்று காலையில் எத்தனையாவது தடவையோ முடிவு செய்துகொண்டிருந்தபோது, சிஸ்டர் வந்து ஞானவேலின் முகவாயைத் தூக்கி இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டுவிட்டு, "கண்ணை மூடிட்டே உக்காருங்க சார், கண்ணு பாப்பா நல்லா விரியணும், நடுவுல தொறந்து தொறந்து பாக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அடுத்த முகவாயைத் தேடிப் போனாள். அவரா திறப்பார்? மூடு என்றால் மூடு, திற என்றால் திற, அப்படி ஒரு மனுஷன். முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோவுக்கு உட்கார்ந்த பையன் மாதிரி விறைப்பாக உட்கார்ந்துவிட்டார். கன்னத்தில் வழிந்ததை அவள்தான் ஒற்றி எடுத்தாள். "எரியுதா?" "இல்ல." "கசக்குதா?" "ம். தொண்டையில." அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. இனிமேல் பாப்பா விரிகிறவரைக்கும் இந்த பெஞ்சுதான், இந்த மின்விசிறிதான், எதிர்ச்சுவரில் சத்தமில்லாமல் ஓடுகிற டிவிதான். அதற்கப்புறம் உள்ளே கூப்பிடுவார்கள். உள்ளே இருக்கிற டாக்டரம்மா இன்றைக்கு ஒன்று சொல்லப்போகிறாள்: சொட்டு மருந்தே போதும் என்பாள், இல்லாவிட்டால் ஆபரேஷன் என்பாள். சொட்டு மருந்து என்றால் மாசி மாதம் அந்தமானுக்குப் போய், இத்தனை வருஷமாக இவர் ஆசைப்பட்ட மாதிரி கடலுக்கு அடியில் இறங்கி மீன் பார்க்கலாம். ஆபரேஷன் என்றால் அப்புறம் கடலாவது மீனாவது, குளிக்கும்போது கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளவே நேரம் சரியாக இருக்கும் என்று போன தடவையே அவள் காதில் போட்டு வைத்திருந்தாள் டாக்டரம்மா. அதனால்தான் மங்கை மாசியை இப்படிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். தேதியை முடிவு செய்துவிட்டால் டாக்டரம்மாவின் வாயிலிருந்து நல்லபடியாக வந்துவிடும் என்பதுபோல. பைத்தியக்காரத்தனம்தான், தெரியாதா அவளுக்கு.

போனை எடுத்து ஆல்பர்ட் அனுப்பியிருந்த குரல் பதிவை இன்னொரு தடவை காதில் வைத்துக் கேட்டாள். ஆல்பர்ட் அந்தத் தீவில் ஆட்களைக் கடலுக்கு அடியில் கூட்டிக்கொண்டு போகிறவன், தாத்தா காலத்தில் தூத்துக்குடியிலிருந்து போன குடும்பம், தமிழ் நன்றாகப் பேசுவான், நீச்சல் தெரியாதவர்களைக்கூடக் கையைப் பிடித்துக்கொண்டு இறக்கி ஏற்றிவிடுவேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறான். "மேடம், நல்ல நாள் எல்லாம் இப்பவே நிரம்பிட்டு வருது, சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க, பிப்ரவரி கடைசின்னா கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், அடியில மணல் தெரியும்." அடியில் மணல் தெரியும். அதுதான் வேண்டும். மார்கழியிலேயே போகலாமே என்றால் ஐப்பசி கார்த்திகைப் புயலின் வால் அங்கே இங்கே என்று மார்கழி வரைக்கும் நீளும், நம்ப முடியாது. தையில் நாத்தனார் பையன் கல்யாணம், போகாமல் இருந்தால் சாகிறவரைக்கும் சொல்லிக் காட்டுவாள். பங்குனி என்றால் மகள் தாரணிக்கு பெங்களூர் ஆபீசில் லீவு கிடைக்காது, அவளும் கூட வருகிறேன் என்கிறாள், வரட்டும், வராமலும் போகட்டும். சித்திரையில் கடல் நன்றாகத்தான் இருக்குமாம், ஆனால் அந்த வெயிலில் இவரை வெளியே அழைத்துப் போனால் கண் கூசும். வைகாசி பாதியிலேயே அங்கே மழை இறங்கிவிடும், கேரளாவுக்கே முந்தி. அப்புறம் ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி எல்லாம் மூடின கதவு. எங்கே சுற்றி வந்தாலும் மாசியில்தான் வந்து நிற்கிறது. விரலால் தள்ளித் தள்ளிப் போனில் காற்றின் வேகம் காட்டுகிற படத்தைப் பார்த்தாள். தீவுகளுக்கு மேலே இப்போது எல்லாம் சிவப்பு, ஊதா, கோடு கோடாகச் சுழன்றுகொண்டு. இது வைகாசிக் கடைசி, இப்படித்தான் இருக்கும். மாசியில் பச்சையாக இருக்கும். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மஞ்சள். ஓரத்தில். அந்தச் சொல் வந்ததும் மனசு இடறியது.

ஓரம்தான் போய்க்கொண்டிருந்தது அவருக்கு. நடுவில் இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரியும், பேப்பர் படிப்பார், ஊசியில் நூல் கோர்த்துத் தருவார், யாராவது சந்தேகப்படுவார்களா? பக்கவாட்டில் வருகிற வண்டி தெரியாது. கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். தட்டுக்குப் பக்கத்தில் வைத்த தண்ணீர் டம்ளரைத் தட்டி விடுவார், ஒரு தடவை இல்லை, வாரத்துக்கு ஒரு தடவை. அவள் திட்டாத திட்டா? "கவனம் எங்க இருக்கு உங்களுக்கு, கண்ணு முன்னால வெச்சதுகூடத் தெரியலையா?" கண் முன்னால் வைத்தது தெரிந்தது, பக்கத்தில் வைத்ததுதான் தெரியவில்லை. அவர் ஒரு நாள்கூடத் திருப்பிச் சொன்னதில்லை, துணியை எடுத்துக்கொண்டு வந்து தண்ணீரைத் துடைப்பார், துடைக்கும்போதும் ஓரத்தில் கொஞ்சம் விட்டுவிடுவார், அதற்கும் ஒரு திட்டு விழும். இங்கே வந்து ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரிகிறபோதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். முடிந்து வந்த தாளில் நடுவில் வெள்ளை, சுற்றிலும் கறுப்பு, ஓரம் கருகின தோசை மாதிரி. கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுகொண்டிருக்கிறதாம். வலியில்லாமல் தின்னுமாம். தின்ற வரைக்கும் தின்றதுதான், திரும்பி வராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது இவர் கேட்ட ஒரே கேள்வி, "கடலுக்குள்ள போகலாமாங்க?" டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். இருபத்தைந்து வருஷத்தில் இவர் வாய் திறந்து தனக்கென்று ஒன்று கேட்டு மங்கை பார்த்தது அன்றைக்குத்தான். அன்றைக்கு ராத்திரியே ஆல்பர்ட்டைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு சர்க்கரையாம்மா?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்டாள். அவளுக்கும் கண் மூடியிருந்தது, மூடின கண்ணோடு பேச்சு மட்டும் நிற்கவில்லை. "இல்லீங்க, பிரஷர். கண்ணுல." "அய்யய்யோ, கண்ணுலகூடவா பிரஷர் வருது? எங்க வீட்டுல எனக்குத்தான் பிரஷர், எங்க வீட்டுக்காரரைப் பாத்தாலே ஏறிடும்." ஞானவேல் மூடின கண்ணோடு சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கும், அந்தக் குலுங்கலை முதல்முதலில் எங்கே பார்த்தோம் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை அவளுக்கு. ஆனி மாதம், தகரக் கூரை, மழை. சிரித்த முகத்தைப் பார்த்துக்கொண்டே அவள் அங்கே போய்விட்டாள்.

கல்யாணம் வைகாசியில். மாப்பிள்ளை மின்வாரியத்தில் வேலை, நல்ல பையன், அதிர்ந்து பேசமாட்டான் என்று சொல்லித்தான் கட்டி வைத்தார்கள். அதிர்ந்து பேசமாட்டான் என்றால் பேசவே மாட்டான் என்று யார் சொன்னார்கள்? "காபி குடிக்கிறீங்களா?" "ம்." "பிடிச்சிருக்கா?" "ம்." சுவரிடம் பேசினால் எதிரொலியாவது வரும். இந்த ஆளோடு எப்படிக் காலம் தள்ளப்போகிறோம் என்று அவள் குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுத நாட்கள் அவை. அப்போதுதான் அவள் அப்பா பாலகுருசாமி, செங்கல்பட்டில் பெரிய புவியியல் வாத்தியார், மகளையும் மருமகனையும் அந்தமானுக்கு அனுப்பி வைக்கிறேன் என்று ஆரம்பித்தார். கடலுக்குள்ளே மீன் பார்க்க வேண்டும் என்று பெண் பார்க்க வந்த அன்றைக்கு மாப்பிள்ளை எப்படியோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தான், அதைப் பிடித்துக்கொண்டார். ஆனால் ஆடி வந்து குறுக்கே நின்றது. ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வந்துவிட வேண்டும், அந்த ஒரு மாதம் அவன் அங்கே இவள் இங்கே. ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரையில் பிள்ளை பிறந்துவிடும், அது ஆகாது என்று ஒரு கணக்கு. அதனால் அப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டி, ஆனியில் நல்ல நாளாகப் பார்த்துக் கப்பலுக்குச் சொல்லிவிட்டார். "ஆனியில மழை இருக்காதா மாமா?" என்று மாப்பிள்ளை கேட்டதை மங்கை கதவுக்குப் பின்னாலிருந்து காதால் கேட்டாள். "மழைக்காலம் ஐப்பசி கார்த்திகைதான் மாப்பிள்ளை, ஆனியில ஒரு பொட்டுத் தூறல் விழாது. ஆடி பொறக்குறதுக்குள்ள போயிட்டு வந்துடுங்க." யார் சொன்னது? காலம் பூராவும் கரும்பலகையில் இந்தியாவை வரைந்து, தென்மேற்குப் பருவக்காற்று இப்படி வருகிறது, முதலில் அந்தமானைத் தொடுகிறது என்று நீலச் சாக்பீசால் அம்புக்குறி போட்டுக் காட்டிய மனுஷன் சொன்னது! செங்கல்பட்டு வாசலில் வெயில் கொளுத்தினால் உலகம் முழுக்க வெயில்தான், பெண்ணைக் கட்டிக் கொடுத்த அப்பனுக்குப் பாடப் புத்தகமெல்லாம் மறந்து போய்விடும் போலிருக்கிறது.

போய் இறங்கினார்கள். மழையா அது? வானத்தைக் கிழித்துக் கொட்டினாற்போல. தீவில் ஒரே ஒரு லாட்ஜ், கூரை பூராவும் தகரம், அதன் மேல் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. முதல் நாள் இவர் ஏதோ வாயசைத்தார். "என்ன?" என்றாள். மறுபடியும் வாயசைத்தார். "கேக்கல!" கடைசியில் மனுஷன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "டீ வேணுமான்னு கேட்டேன்!" என்று ஒரு கத்துக் கத்தினார் பாருங்கள், அவருக்கே தூக்கிவாரிப் போட்டுவிட்டது. அவள் சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்த முடியவில்லை, அவரும் சிரித்தார், தோள் குலுங்கிக் குலுங்கி. அதிர்ந்து பேசாத ஆளை மழை கத்த வைத்துவிட்டது. அப்புறம் அந்த நாள் எல்லாம் கத்தலில்தான் குடித்தனம். "துணி காயல!" "பரவால்ல!" "எங்க அம்மா சின்ன வயசுலயே போயிட்டாங்க!" "தெரியும், அழாத!" "நான் அழல, ஒழுகுது!" மெதுவாகச் சொல்ல வெட்கப்படுகிற விஷயத்தையெல்லாம் கத்திச் சொல்லலாம் என்று அங்கேதான் தெரிந்தது. படகு ஓடவில்லை, கடல் கலங்கி டீத் தண்ணீர் நிறத்தில் கிடந்தது, ஒரு மீன் கண்ணில் படவில்லை. ஆனால் லாட்ஜின் சாப்பாட்டு அறைச் சுவரில் அந்தக் கடல் மீன்களின் படம் ஒன்று, ஈரத்தில் ஓதம் பூத்து ஒட்டியிருந்தது. இவர் அதற்கு முன்னால் போய் நின்றுகொண்டு ஒவ்வொரு மீனுக்கும் கல்யாணத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் பேராகப் பார்த்து வைத்தார். உடம்பெல்லாம் முள்ளை நிறுத்திக்கொண்டு உப்பிப்போயிருந்த ஒன்றைக் காட்டி, "இது உங்க அத்தை!" என்று கூவினார். பரிமாற வந்த ஆள் சாம்பார் வாளியோடு நின்று திகைத்துப் பார்த்தான். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதவள் அவள்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

திரும்ப வேண்டிய நாளில் படகு இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாள் காலையில் லாட்ஜ்காரர் மனைவி வாசலில் பெரிய கோலமாகப் போட்டு, மழை அழிக்க அழிக்கத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். என்ன விசேஷம் என்று கேட்டால், ஆடி பொறந்துடுச்சே என்றாள். மங்கைக்குப் பகீரென்றது. ஆடி பிறந்துவிட்டது, அவன் அங்கேயும் இவள் இங்கேயும் இருக்க வேண்டிய நேரத்தில், நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவில், ஒரே அறையில், காய்ந்த போர்வை ஒன்றே ஒன்று இருக்கிற நிலைமையில் இரண்டு பேரும்! "என்னங்க பண்றது?" என்று கத்தினாள். "நீந்தியா போக முடியும்?" என்று அவர் கத்தினார். ஊர் வந்து சேர்ந்தபோது வாசல் நிறைய சொந்தம். அந்த அத்தைதான் முதலில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்தாள். "மழைக்காலத்துல கடலுக்குப் போகச் சொல்லித் தேதி பாத்தது யாரு? எந்த மகாபுத்திசாலி?" அப்பா தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தார், துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு. புவியியல் வாத்தியார். தெருவே 'சார் சார்' என்கிற மனுஷன். ஒரு வார்த்தை போதும், ஆயுசுக்கும் தலை நிமிர முடியாது அவரால். இவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பழைய மெதுவான குரலில், "நான்தான் அத்தை பாத்தேன். மாமா வேண்டாம்னுதான் சொன்னாரு, எனக்குத்தான் விவரம் பத்தல" என்றார். அவ்வளவுதான். அன்றையிலிருந்து இவர் பெயர் 'அந்தமான் மாப்பிள்ளை'. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "வாங்க மாப்பிள்ளை, குடை கொண்டு வந்தீங்களா?" பந்தியில் உட்கார்ந்தால், "மழை வருமான்னு இவரைக் கேட்டுட்டுப் பந்தல் போடுங்கப்பா." சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார், இத்தனை வருஷமும், மங்கை ஒரு தடவை கோபத்தில் உண்மையைச் சொல்லப்போனபோது மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தார்.

அப்பா கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது அவளைக் கிட்டே கூப்பிட்டு, "உன் வீட்டுக்காரர் என்னைக் காட்டிக் குடுக்கலம்மா" என்றார். எதைப் பற்றி என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சித்திரையில் தாரணி பிறந்தாள், அதை மறந்துவிட்டோமே. ஆடியிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். அத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று விரலை மடக்கி மடக்கி எண்ணினாள், எண்ணி முடித்து ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், இவர் எழுந்து வெளியே ஓடிப்போய்விட்டார். ஆகாத குழந்தையாம். ஆகாத குழந்தைதான் இன்றைக்கு பெங்களூரிலிருந்து தினமும் அப்பாவுக்குப் போன் பண்ணி, மருந்து விட்டாயா என்று கேட்கிறது. யாருக்கு நன்றி சொல்வது? மழைக்கா? மறந்துபோன அப்பாவுக்கா? குறுக்கே நின்ற ஆடிக்கா? சரியான மாதத்தில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நல்ல வெயில், கண்ணாடி மாதிரி கடல், இவர் பாட்டுக்கு மீனைப் பார்த்திருப்பார், அவள் பாட்டுக்குக் கரையில் உட்கார்ந்திருப்பாள், "நல்லா இருந்துச்சா?" "ம்." திரும்பி வந்து அவன் அங்கே இவள் இங்கே, ஒரு மாதம் கழித்து அவள் வராமலேகூட இருந்திருப்பாள். இருந்திருப்பாளா? இருந்திருப்பாள். தாயே, அந்த மழைக்குக் கோடி கும்பிடு.

"தூங்கிட்டியா?" என்றார் ஞானவேல். அவர்தான் கண்ணை மூடியிருக்கிறார், அவளைக் கேட்கிறார் தூங்கிவிட்டாயா என்று. "இல்லங்க, தேதி பாத்துட்டு இருக்கேன்." "மாசியா?" "மாசிதான்." அவர் மூடின கண்ணோடு கையைத் தூக்கிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். "அய்யோ, எத்தனை தடவை சொல்றது, அது மேல போகணும்னு அர்த்தம்! எல்லாம் சரின்னா இப்படி." அவர் ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் பிடித்து வட்டமாகச் சேர்த்து வைத்தாள். தண்ணீருக்கு அடியில் பேச முடியாது, கத்தவும் முடியாது, கைதான் பேச வேண்டும் என்று ஆல்பர்ட் அனுப்பிய படத்தைப் பார்த்து ஒரு மாதமாகச் சமையலறையில் பழகுகிறார்கள். குழம்பு ருசி எப்படி என்று கேட்டால் கட்டைவிரலைத் தூக்கிவிடுகிறார். அங்கேயும் நல்ல மீனைப் பார்த்துச் சந்தோஷத்தில் கட்டைவிரலைத் தூக்கினால் ஆல்பர்ட் உடனே மேலே இழுத்துக்கொண்டு வந்துவிடுவான், ஆசைப்பட்டதெல்லாம் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். நீயும் இறங்கு என்கிறார் அவளை. அவளுக்குத் தொட்டித் தண்ணீரைக் கண்டாலே பயம். ஆனால் பக்கவாட்டில் வருகிற மீன் இவருக்குத் தெரியாதே? எதிரே வந்தால் தெரியும், ஓரத்தில் வந்தால் யார் தோளைத் தட்டிக் காட்டுவது? இறங்கத்தான் வேண்டும். மூச்சு நின்றால்? கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தால்? வரட்டும். இத்தனை வருஷம் டம்ளரைத் தட்டிவிட்டதற்குத் திட்டினாளே, அதற்காகவாவது ஓரத்தில் ஓர் ஆள் அவருக்கு வேண்டும். சிஸ்டர் வந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். "விரிஞ்சிடுச்சு, உள்ள போங்க." மங்கை எட்டிப் பார்த்தாள். கண் முழுக்கக் கறுப்பு, உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்துவிடும்போல் திறந்து கிடந்தது. மாசி, மாசி, மாசி என்று சொல்லிக்கொண்டே அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

டாக்டரம்மா சின்னப் பெண், தாரணியைவிட நாலைந்து வயசு மூத்தவளாக இருந்தால் அதிகம். வெளிச்சத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பார்க்கிற நேரம் நீள நீள மங்கைக்கு விடை தெரிந்துவிட்டது. நல்ல சேதியைச் சொல்ல இத்தனை நேரம் ஆகாது. "ஆபரேஷன் பண்ணிடலாம் சார்" என்றாள் டாக்டரம்மா. "மருந்து இப்போதைக்குத் தாங்குது, ரொம்ப நாள் தாங்காது. பண்ணிட்டோம்னா இருக்குற பார்வை இருக்கும், அதுக்கு நான் பொறுப்பு." மங்கைக்கு மாசி கையை விட்டு நழுவிப் போனது. கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், அடியில் மணல் தெரியும், இவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருப்பார். டாக்டரம்மாவே கேட்டாள், "நீங்கதானே சார் கடலுக்குள்ள போகணும்னு கேட்டது?" "ஆமாம்மா." "ஆபரேஷனுக்கு அப்புறம் நான் விடமாட்டேன். அது மட்டும் கேக்காதீங்க." கொஞ்ச நேரம் எதையோ எழுதினாள். எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "இப்ப அழுத்தம் கட்டுக்குள்ளதான் இருக்கு. ஆபரேஷனை ஜூலை நடுவுல வெச்சுக்கறேன். அவ்வளவு ஆசைன்னா அதுக்குள்ள போயிட்டு வந்துடுங்க."

ஜூலை நடு. மங்கைக்கு அது தமிழ் மாதமாக மாறிக் காதில் விழ ஒரு நொடி ஆயிற்று. ஆடி பொறக்குறதுக்குள்ள போயிட்டு வந்துடுங்க. அப்பா! கையில் துண்டை முறுக்கிக்கொண்டு தூண் ஓரமாக நின்ற அப்பா, அதே சொல், அதே மாதம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. டாக்டரம்மா பயந்துபோய், "என்னம்மா, என்ன ஆச்சு?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா. நீங்க நல்லா இருக்கணும்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் மங்கை. எதற்கு இவ்வளவு பெரிய வாழ்த்து என்று அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை, புரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஞானவேலின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

வெளியே கத்தரி போயும் அடங்காத வெயில். விரிந்த கண்ணோடு அவரால் ஒன்றும் பார்க்க முடியவில்லை, கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு வேப்பமரத்து நிழலில் நிறுத்தினாள். அவர் அவள் பக்கமாகச் சாய்ந்து, யார் காதிலும் விழாமல், "இந்தத் தடவை படகு நின்னு ஆடி பொறந்துட்டாகூட யாரும் விரலை மடக்கி எண்ண மாட்டாங்க" என்றார். "சீ, ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு பேசற பேச்சா இது" என்று தோளில் ஓர் அடி வைத்தாள். "மீன் தெரியாதேங்க. கடல் கலங்கிக் கிடக்கும்." "தெரிஞ்சா பாப்போம். தெரியலேன்னா படம் இருக்கும்ல சுவத்துல." அப்படிச் சொல்ல இவருக்கு எப்படி வருகிறது? மிச்சமிருக்கிற பார்வையை வைத்துக்கொண்டு மனுஷன் கணக்கே பார்க்கமாட்டேன் என்கிறார். இந்த ஆளை எனக்குக் கொடுத்தாயே என்று யாரிடமென்று தெரியாமல் சொல்லிக்கொண்டே போனை எடுத்து ஆல்பர்ட்டைக் கூப்பிட்டாள். "சொல்லுங்க மேடம், பிப்ரவரிதானே?" "இல்ல தம்பி. இந்த மாசமே. ஜூன் கடைசியில." "மேடம், யாரோ உங்களுக்குத் தப்பாச் சொல்லியிருக்காங்க. இது சீசனே இல்ல. மழை கொட்டிட்டிருக்கு, இங்க நான் பேசறது உங்களுக்குக் கேக்குதா? படகு ஓடுமான்னே தெரியாது. ரெண்டு மழைக்கு நடுவுல கடல் தெளிஞ்சா ஒரு தடவை இறக்கிக் காட்டறேன், ஆனா வாக்குக் குடுக்க முடியாது. வர்றவங்க பாதிப் பேரு ரூமுக்குள்ளயே உக்காந்துட்டுத் திரும்பிப் போவாங்க." அவன் குரலுக்குப் பின்னால் சடசடவென்று ஏதோ இரைந்துகொண்டிருந்தது. மங்கை போனைக் காதிலிருந்து எடுத்து ஞானவேலின் காதில் வைத்தாள். அவர் கேட்டார். வெகுநேரம் கேட்டார், கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே உதடு மெல்ல விரிந்தது. ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் சேர்த்து, இந்தத் தடவை தப்பாமல், வட்டமாக அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். அவள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "தெரியும் தம்பி. போன தடவையும் நாங்க இந்த மாசத்துலதான் வந்தோம்" என்றாள். "ரூம் மட்டும் தகரக் கூரை போட்டதாப் பாத்துக் குடுங்க."